அதிமனிதரும் நகைச்சுவையும்



சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஒருநாட் காலை, ஏழாந்தர மாணவன் ஒருவனை அவனுடைய கணித ஆசிரியை என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். பாடவேளையில் மேசைக்கடியில் ஒரு புத்தகத்தை வைத்து வாசித்ததும், வாசித்த இடத்தில் அடக்கமாட்டாது வாய்விட்டுச் சிரித்ததும் அவன்மேற் சுமத்தப்பட்ட குற்றங்கள். புத்தகம் சான்றுப்பொருளாக என் மேசைமீது வைக்கப்பட்டது. கனடாவிலிருந்து அவனுடைய மாமா அனுப்பிய ஆங்கிலச் சித்திரக்கதைத் தொகுப்பு அது. அட்டையிலே செந்நிற உடையும் மஞ்சள் மின்னற் குறியும் அணிந்த ஒரு பலவான் நின்றான். "விடுமுறை முடியும்வரை இது இங்கே இருக்கட்டும்" என்று கூறி, புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சிறுவன் ஒன்றும் பேசாது தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அதிபர்களுக்கு விடுமுறையிலும் விடுதலை இல்லை என்பது பலர் அறியாத செய்தி. நேரசூசி தயாரிக்கவும் இடாப்புகளைச் சரிபார்க்கவும் வெறிச்சோடிய பாடசாலைக்குப் போயிருந்த ஒரு பிற்பகல், வேறொரு கோப்பைத் தேடி அலுமாரியைத் திறந்தபோது அந்தச் செந்நிற வீரன் என்னை நோக்கி நின்றான். சற்றுப் புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். மாலை ஐந்து மணிக்குக் காவலாளி வந்து கதவைத் தட்டினார். உள்ளே தனியாக யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டதாகவும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகவும் அவர் சொன்னார்.

என் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுச் சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டு முதல் முத்து கொமிக்ஸும், 1984ஆம் ஆண்டு முதல் லயன் கொமிக்ஸும் வெளிவந்தன. என் வயதினர் பலர் இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் தமிழில் அறிந்தது அவற்றின் வாயிலாகவே. எனக்கோ எல்லாரிலும் பிடித்தவன் ஆர்ச்சி. பிரித்தானியச் சஞ்சிகையொன்றிற் பிறந்து தமிழில் வந்து குடியேறிய இயந்திர மனிதன் அவன். மலையைப் பெயர்க்கும் வலிமை இருந்தும், அவன் பேசும் தற்புகழ்ச்சியே வாசகர் நெஞ்சில் நிலைத்தது. 'சட்டித்தலையன்' என்று உரிமையோடு அவனை ஏசுவோம். நான் மாணவனாக இருந்த காலத்தில் ஆசிரியர் ஒருவர் பறித்தெடுத்த ஆர்ச்சி இதழ் ஒன்று இற்றைவரை எனக்குத் திரும்பி வரவில்லை. அந்த வழக்கில் நீதி கிடைக்காதவன் வேறொரு சிறுவனின் புத்தகத்தைப் பூட்டி வைத்திருந்தேன் என்பது அந்தப் பிற்பகலிலேதான் எனக்கு உறைத்தது.

இனிப் புத்தகத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு சுப்பர்மான் தோன்றினான். அவன் வெற்றியைக் கண்ட பதிப்பாளர் பலரும் தத்தம் பங்குக்கு அதிமனிதர்களை உற்பத்தி செய்யத் தலைப்பட்டனர். அவ்வாறு பிறந்தவர்களில் ஒருவன் கப்டன் மார்வல். 1940 பெப்ரவரி எனத் திகதியிட்ட 'விஸ் கொமிக்ஸ்' இதழில் அவன் அறிமுகமானான். கதையைப் புனைந்தவர் பில் பார்க்கர். சித்திரம் வரைந்தவர் சி. சி. பெக். பதிப்பித்தது ஃபோசெற் நிறுவனம். பின்வந்த ஆண்டுகளிற் பெரும்பாலான கதைகளை எழுதி, அந்த வீரனுக்குத் தனிக்குணம் அமைத்துக் கொடுத்தவர் ஒட்டோ பைண்டர் என்பார்.

கப்டன் மார்வல் உண்மையில் பில்லி பட்சன் என்னும் சிறுவன். தாய் தந்தையற்றவன், தெருவிற் பத்திரிகை விற்று, நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தில் உறங்குபவன். முதிய மந்திரவாதி ஒருவர் அவனுக்கு ஒரு சொல்லைக் கற்பிக்கிறார். 'ஷஸாம்' என்பது அச்சொல். சொலமனின் அறிவு, ஹேர்க்குலிஸின் வலிமை, அற்லஸின் தாங்குதிறன், சீயுஸின் ஆற்றல், அக்கிலிஸின் துணிவு, மேர்க்குரியின் வேகம் ஆகிய ஆறும் அவ்வறுவர் பெயர்களின் முதலெழுத்துக்களாக அச்சொல்லில் அடங்கியுள்ளன. எபிரேய அரசர் ஒருவர் கிரேக்க உரோமத் தேவர்களோடும் வீரர்களோடும் ஒரே வாங்கில் எவ்வாறு வந்து அமர்ந்தார் என்று வரலாற்று ஆசிரியர் எவரும் கேட்கக்கூடாது. சொல்லை உரத்துச் சொன்னதும் இடி முழங்கும், மின்னல் பாயும், சிறுவன் நின்ற இடத்தில் வீரன் நிற்பான். மறுபடி சொன்னால் மீண்டும் சிறுவனாவான்.

வானொலி நேயர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. முதற் கதையின் முடிவிலேயே பில்லிக்கு வானொலி அறிவிப்பாளன் வேலை கிடைத்துவிடுகிறது. அவனுடைய பிழைப்பும் குரலினால். அவனுடைய பலமும் குரலினால். ஆகவே அவனை வெல்ல விரும்பும் பகைவனுக்குப் பீரங்கி வேண்டியதில்லை, ஒரு கைக்குட்டை போதும். வாயைக் கட்டிவிட்டால் உலகத்தின் மாபெரும் பலவான் ஒரு மூலையிற் கிடந்து முனகுவான். கதைக்குக் கதை பகைவர்கள் அவன் வாயைக் கட்டுவதும், அவன் எப்படியோ கட்டை அவிழ்ப்பதும் வாசகர் எதிர்பார்த்திருக்கும் விளையாட்டாயின. சுப்பர்மான் மனிதர் நடுவே பலவீனன்போல நடிப்பவன். பில்லியோ மெய்யாகவே பலவீனன். குழந்தைகள் இந்த வேற்றுமையை நம்மைக் காட்டிலும் விரைவிற் கண்டுகொள்வார்கள்.

அவனை எதிர்ப்பவர்களைப் பாருங்கள். முதற் பகைவர் கலாநிதி சிவானா. அப்பெயரைக் கேட்டதும் நம் காதுக்குச் சிவனே நினைவுக்கு வருவார். ஆளோ மொட்டைத் தலையும் தடித்த மூக்குக்கண்ணாடியுமாக, பரீட்சை மேற்பார்வைக்கு வந்த ஒரு கோபக்கார ஆசிரியரைப் போலிருப்பார். உலகத்தை ஆளத் திட்டமிடுவதும், தோற்றபின் வீரனை 'பெரிய சிவப்புப் பாற்கட்டி' என்று திட்டுவதும் அவர் வழக்கம். 1943 முதல் 1945 வரை 25 அத்தியாயங்களாக வந்த ஒரு தொடர்கதையில், உலகத்துக் கொடியவர்களையெல்லாம் ஒரு சங்கமாகத் திரட்டி ஆட்டிவைக்கும் தலைவன் ஒருவன் வருகிறான். முதலில் அவன் குரல் மாத்திரமே கேட்கிறது. இவ்வளவு பயங்கரமானவன் எத்துணை உருவம் படைத்தவனோ என்று வாசகர் நடுங்கிக்கொண்டிருக்க, ஈற்றில் வெளிப்படுவது ஒரு புழு. கண்ணாடி அணிந்த, கழுத்திலே ஒலிபெருக்கி கட்டிய, விரலளவுப் புழு. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒலிபெருக்கி முன்னே நின்று முழங்கிய சர்வாதிகாரிகளின் குரலை அன்றைய பிள்ளைகளும் வானொலியிற் கேட்டிருப்பார்கள். அக்குரலுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான் என்று ஒரு சித்திரக்காரர் வரைந்து காட்டியது சாதாரண வேடிக்கை அன்று.

1947இல் வந்து சேர்ந்த பேசும் புலியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசலாம். இந்தியக் காட்டிற் பிறந்து, பேச்சுவன்மை பெற்று, அமெரிக்க நகரத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து நற்குடிமகனாக வாழ விரும்பும் புலி அது. அதன் துன்பங்கள் நம்முடைய துன்பங்களே: வீடு கிடைக்காத கவலை, நாலுபேர் மதிக்கவில்லையே என்ற மனக்குறை, புதிய நாகரிகத்தின்மேல் மோகம். உலகத்தைக் காக்க வேண்டிய வீரன் இந்தப் புலியின் மனக்குறையைத் தீர்ப்பதற்கு முழுக் கதையையும் செலவிடுகிறான். பெக்கின் கோடுகளும் இதற்கேற்றவை. தேவைக்கு மேல் ஒரு கோடும் இராது. புலியை அவர் கேலியாக வரையவில்லை. அயலவர் ஒருவரை வரைவதுபோல மரியாதையோடு வரைந்தார்.

நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். பிறரை இகழும் எள்ளல், பிள்ளைத்தன்மையாகிய இளமை, அறியாமையாகிய பேதைமை, சொன்னதை அப்படியே நம்பும் மடமை என்பன அவை. கப்டன் மார்வல் கதைகள் பெரும்பாலும் பின்னுள்ள மூன்றினாலும் நம்மை நகைப்பிக்கின்றன. பெண்பிள்ளைகள் முன்னிலையில் நாணுவதும், யார் எதைச் சொன்னாலும் நல்லெண்ணத்தோடு நம்புவதும் அந்த வீரனின் இயல்பு.

எள்ளலும் அங்கே இருந்தது என்பதை மறைப்பது முறையன்று. பில்லியின் பணியாளாகக் கறுப்பினத்தவர் ஒருவரை அக்கதைகளில் உலவவிட்டிருந்தனர். தடித்த உதடும் கொச்சைப் பேச்சுமாக, அவ்வினத்தவரை இழித்துக் காட்டுவதற்கென்றே வரையப்பட்ட பாத்திரம் அது. அக்காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் திரைப்படங்களிலும் இது வழக்கம் என்று சமாதானம் சொல்வோர் உண்டு. ஆனால் 1945ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரப் பாடசாலை மாணவர் குழுவொன்று நேரே பதிப்பகத்துக்குச் சென்று, இப்படம் ஓர் இனத்தை அவமதிக்கிறது என்று முறையிட்டது. அதன்பின் அப்பாத்திரம் கதைகளிலிருந்து நீங்கியது. வளர்ந்தவர்களான ஆசிரியரும் சித்திரக்காரரும் பதிப்பாளரும் காணாத பிழையை வாசகர்களாகிய பிள்ளைகள் கண்டார்கள். சித்திரக்கதை வாசித்தாற் பிள்ளைகளின் புத்தி மழுங்கும் என்று என்னிடம் முறையிட வரும் பெற்றோருக்கு இனி இந்த நிகழ்ச்சியைச் சொல்வதாக இருக்கிறேன்.

இதே தலைமுறையிற் பிறந்த இன்னொருவனையும் விட்டுவிட மனமில்லை. ஜாக் கோல் என்னும் ஓவியர் 1941இற் படைத்த பிளாஸ்ரிக் மான் தொடக்கத்தில் ஒரு திருடன். இரசாயனத் தொழிற்சாலையிற் களவெடுக்கப் போன இடத்தில் துப்பாக்கிக் குண்டும் அமிலமும் அவனைத் தாக்குகின்றன. கூட்டாளிகள் கைவிட்டு ஓடுகிறார்கள். மயங்கிக் கிடந்தவனைத் துறவி ஒருவர் மடத்துக்குக் கொண்டுபோய்ப் பேணுவதோடு, தேடிவந்த பொலிசாரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார். தன்னை ஒருவர் நம்பினார் என்ற ஒன்றே அவனைத் திருத்திவிடுகிறது. விழித்தெழுந்து பார்த்தால் உடம்பு றப்பராகிவிட்டது! இதற்குப்பின் அவன் கதிரையாவான், கம்பளமாவான், ஏணியாவான். திருடர்கள் அமர்ந்து சதியாலோசனை செய்யும் சாய்மனைக் கதிரையே அவனாக இருக்கும். உடையின் சிவப்பு நிறத்தை மாத்திரம் அவனால் மாற்ற இயலாது. எனவே ஒவ்வொரு படத்திலும் சிவப்பாக இருக்கும் பொருளைத் தேடி, இதுதானோ அவன் என்று வாசகன் கண்ணை மேயவிடுவான். வலிமை என்றால் விறைப்பு என்று எண்ணிப் பழகியவர்களுக்கு, வளைவதே வலிமையான ஒருவன் நல்ல மாற்றுமருந்து. எங்கள் தலைமுறை விறைப்பைப் பற்றி நிறையக் கேட்டது. வளைவைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை.

கப்டன் மார்வலின் முடிவு நீதிமன்றத்தில் எழுதப்பட்டது. 1944ஆம் ஆண்டில் மாத்திரம் அவனுடைய முதன்மைச் சஞ்சிகை ஏறக்குறைய 1 கோடியே 40 இலட்சம் பிரதிகள் விற்பனையானதாகக் கணக்குண்டு. சுப்பர்மானையே விற்பனையில் விஞ்சிய காலமும் இருந்தது. அவன் எங்கள் வீரனின் பிரதி என்று சுப்பர்மானின் பதிப்பாளர் 1941இல் வழக்குத் தொடுத்தனர். வழக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் இழுபட்டது. போருக்குப் பின் சித்திரக்கதைகளின் விற்பனையும் தளர்ந்த நிலையில், 1953இல் ஃபோசெற் நிறுவனம் 4 இலட்சம் டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்து, வீரனையும் ஓய்வுபெறச் செய்தது. கதை எழுதிய பைண்டர் பின்னர் சுப்பர்மானின் பதிப்பகத்துக்கே எழுதப் போனார். வழக்கிற் சாதிக்க முடியாததை வயிறு சாதித்துவிடும்.

1973இல் அதே பதிப்பகம் அவனை மீண்டும் எழுப்பியது. இதற்கிடையில் 'மார்வல்' என்ற பெயரை வேறொரு நிறுவனம் தனதாக்கிக்கொண்டமையால் சஞ்சிகைக்கு 'ஷஸாம்' எனப் பெயரிடவேண்டி வந்தது. முதிய பெக்கையே வரைய அழைத்தனர். பத்து இதழ்களளவில் வரைந்தபின், கொடுக்கப்படும் கதைகள் தரமற்றவை என்று கூறி அவர் விலகிக்கொண்டார். சிரிப்பு வேண்டும் என்றுதானே அவரைத் தேடி வந்தார்கள், அவர் ஏன் கோபித்தார் என்று சிலர் வியக்கலாம். என் எண்ணத்தில் அவர் கோபம் நியாயமானது. பழைய கதைகளில் புலி பேசுவதைக் கண்டு எவரும் வாசகனைப் பார்த்துக் கண்சிமிட்டுவதில்லை. புலியும் வீரனும் புழுவும் தங்கள் உலகத்தை மெய்யாகவே நம்பினார்கள். நகைச்சுவை அந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தது. இது சின்னப்பிள்ளை விடயம், எங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற தோரணையோடு எழுதத் தொடங்கினால் வேடிக்கை கெட்டுப்போகும். 1966இல் தொலைக்காட்சிக்கு வந்த பற்மான் தொடரைப் பலர் மெச்சுவர். நானும் சிரித்திருக்கிறேன். ஆயினும் அங்கே சிரிப்பு வீரனோடு சேர்ந்து எழுவதிலும் பார்க்க, வீரனைப் பார்த்து எழுவதே அதிகம்.

1986இல் பிராங் மில்லரின் பற்மான் கதையும், அலன் மூர், டேவ் கிபன்ஸ் இருவரின் 'வாச்மென்'னும் வந்தன. இரண்டும் திறமான படைப்புகள் என்பதில் ஐயமில்லை. அவற்றைப் பின்பற்றியவர்கள்தாம் இருளை மாத்திரம் எடுத்துக்கொண்டு திறமையை விட்டுவிட்டார்கள். வீரர்களெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மழையில் நின்றார்கள். அந்தக் காலத்திலேயே, 1987இல், கீத் கிஃபனும் ஜே. எம். டிமட்டெயிசும் எழுத, கெவின் மகுவயர் வரைந்த ஜஸ்ரிஸ் லீக் கதைகள் வந்தன. அங்கே அதிமனிதர்கள் ஒரு கட்டடத்துக்குள் கூடி, தேநீர் வேளையில் குறைகூறி, குறுக்குவழியிற் பணம் தேட முயன்று, ஒருவரோடொருவர் ஊடி வாழ்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையை முப்பது ஆண்டுகளாக அறிந்தவன் என்ற முறையில், அக்கதைகளின் யதார்த்தத்துக்கு என்னால் உறுதிகூற முடியும்.

மாணவனின் புத்தகத்தில் என்னை மிகவும் பற்றிக்கொண்ட ஒருவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 1943இற் கதைக்குள் வந்த அவரை 'மாமா மார்வல்' என்பார்கள். உருண்டை உடம்பும் நரைத்த தலையும் உடைய கிழவர். வீரர்களுக்கு நானும் உறவு என்று ஆதாயம் கருதிப் பொய்சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவர். அவரிடம் எந்தச் சக்தியும் இல்லை. ஏன் பறக்கவில்லை என்று கேட்டால், 'ஷஸாம்பாகோ' என்னும் இடுப்புநோய் இன்று வாட்டுகிறது என்பார். மற்றவர்கள் மந்திரச் சொல்லைச் சொல்லும்போது தாமும் கூடச் சொல்லி, மின்னல் வெளிச்சத்தில் மேலுடையை அவசரமாக உரிந்தெறிந்து, உள்ளே முன்கூட்டியே அணிந்திருந்த செந்நிற உடையோடு நிற்பார். சொலமனின் அறிவு படைத்தவர்களுக்கு இந்தப் பொய் விளங்காமற் போகுமா? முதல் நாளே விளங்கிவிட்டது. ஆயினும் ஒருவரும் அதனை வெளியே சொல்வதில்லை. 'மாமா, இன்று இடுப்பு எப்படி?' என்று விசாரித்து, அவரையும் இரண்டு பக்கமும் தாங்கித் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள்.

தவணை தொடங்கிய முதல்நாள் அந்த மாணவனை அழைப்பித்தேன். பயந்துகொண்டே வந்தான். வகுப்பில் வாசித்தது பிழை என்பதை முதலில் சொன்னேன். அதிபர் என்றால் அதைச் சொல்லித்தானே ஆகவேண்டும். பிறகு, அன்றைக்கு எந்த இடத்தில் சிரித்தாய் என்று கேட்டேன். சற்றுத் தயங்கினான்.

"மாமா மார்வல், சேர். உடுப்பைக் கழட்டி எறியிற இடம்."

"அதில் என்ன சிரிப்பு?"

"எங்கட அம்மப்பாவும் அப்பிடித்தான், சேர். இளமையில ஒரு நாம்பன் மாட்டைக் கொம்பில பிடிச்சு நிப்பாட்டினவராம். ஒவ்வொரு முறையும் மாடு பெருத்துக்கொண்டு வரும்."

"நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"கேட்டுக்கொண்டிருப்பம், சேர். அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பா. அம்மம்மா மட்டும் எழும்பிக் குசினிக்குள்ள போய்ச் சிரிப்பா."

அலுமாரியைத் திறந்து புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கியவன் நடுவே ஒரு பக்கம் மடிந்திருப்பதைக் கண்டு, மடிப்பை விரலால் நீவிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்களும் வாசிச்சனீங்களோ, சேர்?"

வாசித்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.